லாஸ் வேகாஸுக்கு வேலையாகப் போகும்போது: முதலில் அரங்கு, அப்புறம் ஹோட்டல், கடைசியில் விமானம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் ஒரு சிறிய மின்னணு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். வணிக வேலையாகப் போகிறவர்களுக்கான பி1 விசா கையில் இருக்கிறது. அமெரிக்காவுக்கு இதுதான் முதல் பயணம். ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடக்கும் சிஇஎஸ் என்ற மின்னணுப் பொருள் கண்காட்சியில் சின்னதாக ஒரு ஸ்டால் போடுகிறார்கள். கூட ஒரு சக ஊழியர் வருகிறார். லாஸ் ஏஞ்சலஸ் போய் அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடிப்பதா, லண்டன் மாதிரி ஓர் ஊரில் மாறி நேராக வேகாஸிலேயே இறங்குவதா? எந்த நாளில் போய், எந்த நாளில் திரும்புவது? சூதாட்ட ஊர் என்கிறார்களே, எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

விமான டிக்கெட்டைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் ஸ்டால் எந்த அரங்கில் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மற்ற எல்லா முடிவும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். சிஇஎஸ் ஒரே கட்டடத்தில் நடப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் லாஸ் வேகாஸ் கன்வென்ஷன் சென்டரில் இருக்கும். புதுத் தொழில்முனைவோருக்கான யுரேகா பார்க் பகுதி வெனிஷியன் ஹோட்டலை ஒட்டிய அரங்கில் நடக்கும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மைல்தான். ஆனால் கண்காட்சி வாரத்தில், கையில் மாதிரிப் பெட்டியோடு அந்த ஒரு மைலைத் தினமும் காலை எட்டரை மணிக்குக் கடப்பது சாதாரண வேலை இல்லை. சின்ன நிறுவனம் என்பதால் நீங்கள் வெனிஷியன் பக்கம் விழ வாய்ப்பு அதிகம். அப்படியானால் வெனிஷியனிலோ, எதிரே நடந்து வரும் தூரத்திலோ ரூம் எடுங்கள். கன்வென்ஷன் சென்டர் என்றால் அதன் பக்கத்திலேயே சூதாட்டக்கூடம் இல்லாத, வேலையாக வருகிறவர்களுக்கென்றே இருக்கும் ஹோட்டல்கள் உண்டு. அல்லது மோனோரயில் நிலையம் உள்ள ஏதாவது ஒரு ஹோட்டல் போதும்.

இந்த ஊரைச் சூதாட்ட ஊர் என்று மட்டும் பார்த்தால் அதன் விலை எதுவும் புரியாது. வாரக்கடைசியில் இது கேளிக்கை ஊர். திங்கள் முதல் வியாழன் வரை இது மாநாட்டு ஊர். சூதாட்டம் 1931இல் நெவாடாவில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ஆனால் வார நாட்களில் காலியாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான அறைகளை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் தந்தவை கண்காட்சிகள்தான். கன்வென்ஷன் சென்டர் 1959இலேயே வந்துவிட்டது. காம்டெக்ஸ் என்ற கம்ப்யூட்டர் கண்காட்சியை 1979இல் இங்கே தொடங்கிய ஷெல்டன் அடெல்சன், 1989இல் சாண்ட்ஸ் என்ற பழைய சூதாட்ட ஹோட்டலை வாங்கினார். வாங்கியவர் முதலில் கட்டியது அதன் பக்கத்தில் ஒரு கண்காட்சி அரங்கம். 1995இல் காம்டெக்ஸை விற்றார், 1996இல் பழைய சாண்ட்ஸ் ஹோட்டலை வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார், 1999இல் அதே இடத்தில் வெனிஷியனைத் திறந்தார். அறைகளைச் சூட்களாக, அதாவது உட்கார்ந்து பேசத் தனி இடம் உள்ள பெரிய அறைகளாகக் கட்டியதே வேலையாக வருகிறவர்களை மனதில் வைத்துத்தான். இன்றைக்கு ஸ்ட்ரிப் (பெரிய சூதாட்ட ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் முக்கியச் சாலை) ஹோட்டல்களின் வருமானத்தில் சூதாட்டத்தைவிட ரூம், சாப்பாடு, நிகழ்ச்சி எல்லாம் சேர்ந்த பங்குதான் பெரியது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், விலை இந்த நாள்காட்டியைப் பார்த்துத்தான் ஏறி இறங்குகிறது. சாதாரண வாரத்தில் செவ்வாய்க்கிழமை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் அதே ரூம், சிஇஎஸ் நடக்கும் செவ்வாய்க்கிழமை பல மடங்காகிவிடும். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் ஆட்கள் ஒரே வாரத்தில் வந்து இறங்குகிறார்கள். விமானத்துக்கும் இதே கதைதான். கண்காட்சிக்கு முந்தைய ஞாயிறு உள்ளே வரும் விமானமும், கடைசி நாளான வெள்ளி மதியத்துக்கு மேல் வெளியே போகும் விமானமும்தான் முதலில் நிரம்பும், முதலில் விலை ஏறும். தேதி கொஞ்சம் தள்ளிப்போனால் ஆகும் சேமிப்பு, எந்த விமானக் கம்பெனி என்று அலசுவதில் ஆகும் சேமிப்பைவிடப் பெரியது.

இந்தக் கேள்வியைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஏப்ரலில் ஒளிபரப்புத் துறையின் நாப் கண்காட்சி, நவம்பர் தொடக்கத்தில் வாகன உதிரிபாகங்களுக்கான சீமா, நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த கையோடு அமேசானின் ரீஇன்வென்ட் மாநாடு, நவம்பரில் ஸ்ட்ரிப் சாலையிலேயே ஓடும் ஃபார்முலா ஒன் பந்தயம் (2023இலிருந்து) என்று வருடம் முழுக்க இப்படித்தான். உங்கள் வேலை எதுவாக இருந்தாலும், அதே வாரத்தில் ஊரில் வேறு என்ன நடக்கிறது என்று பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். பந்தய வாரத்தில் சாலை அடைப்பால் பக்கத்து ஹோட்டலுக்குப் போவதே ஒரு பயணமாகிவிடும்.

ரூம் எடுப்பதைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. ஸ்டால் பதிவு செய்தவர்களின் பட்டியல் வெளியே தெரிந்ததும், "கண்காட்சியின் அதிகாரபூர்வ தங்குமிட ஏற்பாட்டாளர்" என்ற தொனியில் உங்களுக்கு மின்னஞ்சலும் போனும் வரும். அதில் நிறையப் போலி. முன்பணம் வாங்கிக்கொண்டு, அங்கே போய் நின்றால் பதிவே இருக்காது. கண்காட்சியின் சொந்த இணையதளத்தில் உள்ளே போய், அங்கிருக்கும் இணைப்பு வழியாக மட்டும் எடுங்கள். இரண்டாவது, ரிசார்ட் ஃபீ. ரூம் வாடகைக்கு மேல் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது டாலர் என்று தனியாகச் சேர்ப்பார்கள். 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதிப்படி, கட்டாயக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்டியாக வேண்டும். ஆனாலும் அதற்கு மேல் பதின்மூன்று சதவீதம் போல அறை வரி இருக்கிறது. செக்-இன் செய்யும்போது கார்டில் ஒரு தொகையை முடக்கியும் வைப்பார்கள். கம்பெனி கார்டின் வரம்பு சின்னதாக இருந்தால் இந்த முடக்கமே உங்களை மாட்டிவிடும். கிளம்புமுன் அக்கவுண்ட்ஸ் பிரிவிடம் சொல்லி வையுங்கள்.

இப்போது விமானம்.

அமெரிக்காவுக்கு முதல் முறை வருகிறவர்களைத் தடுமாற வைக்கும் விதி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் நீங்கள் முதலில் இறங்கும் விமான நிலையத்தில்தான் இமிகிரேஷன், கஸ்டம்ஸ் இரண்டும். பெட்டியில் கடைசி ஊர் வரைக்கும் டேக் ஒட்டியிருந்தாலும், முதல் ஊரில் அதைப் பெல்ட்டிலிருந்து எடுத்து, கஸ்டம்ஸைக் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் இதற்கெல்லாம் பிறகு டெர்மினல் மாறி, மறுபடி பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும். இணையதளம் ஒன்றரை மணி நேர இடைவெளியில் கனெக்‌ஷனைக் காட்டினால், விலை குறைவு என்று அதை எடுத்துவிடாதீர்கள். குறைந்தது மூன்று மணி நேரம். கண்காட்சி வாரத்தில், மாதிரிப் பெட்டிகளோடு என்றால் நான்கு.

அடுத்தது இன்னும் முக்கியம். லாஸ் ஏஞ்சலஸ் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேகாஸுக்கு மலிவு விமானத்தில் தனியாக ஒரு டிக்கெட் என்று பிரித்து எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு உங்களைப் பற்றி எந்தப் பொறுப்பும் இல்லை. ஒரே பிஎன்ஆரில் இருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. பத்துப் பதினைந்தாயிரம் மிச்சம் பிடிக்கப் போய், ஸ்டால் திறக்கும் நாளில் வேறு ஊரில் நிற்கக் கூடாது.

உங்கள் இரண்டு வழிகளில் எனக்குப் பிடித்தது நேராக வேகாஸில் இறங்குவது. லண்டன் ஹீத்ரோவிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸும் விர்ஜின் அட்லான்டிக்கும், சியோல் இன்சியானிலிருந்து கொரியன் ஏரும் இடைநிற்காமல் வேகாஸுக்குப் பறக்கின்றன. பன்னாட்டு விமானங்கள் வந்து சேரும் டெர்மினல் 3இல் கூட்டம் லாஸ் ஏஞ்சலஸ் அளவுக்கு இருக்காது. பெட்டியை ஒரே ஒரு தடவை எடுத்தால் போதும். மாதிரிகளுக்கான கஸ்டம்ஸ் வேலையும் அங்கேயே, ஒரே இடத்தில் முடியும். இதில் குறை என்னவென்றால், அந்த ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான். அதனால் ஹீத்ரோவிலோ இன்சியானிலோ நல்ல இடைவெளி வையுங்கள்.

இன்னொரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அபுதாபியிலும் டப்ளினிலும் அமெரிக்க இமிகிரேஷனே உட்கார்ந்திருக்கிறது. அங்கே சோதனை முடித்து ஏறினால், அமெரிக்காவில் இறங்கும்போது நீங்கள் உள்நாட்டுப் பயணி மாதிரிதான். விசாவைப் பற்றிக் கேள்வி கேட்பதானாலும், விமானம் ஏறுமுன்னே கேட்டு முடித்துவிடுவார்கள். அங்கிருந்து அமெரிக்காவின் எந்த ஊருக்குப் போனாலும் அடுத்த கனெக்‌ஷனில் பதற்றம் பாதியாகிவிடும்.

அமெரிக்காவுக்குள் மாறித்தான் ஆக வேண்டும் என்றால் மேற்குக் கரையில் மாறுங்கள். ஜனவரியில் சிகாகோ, நியூவார்க், நியூயார்க் எல்லாம் பனிப்புயலுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். சான் பிரான்சிஸ்கோவில் வேறு ஒரு சிக்கல்: அங்கே பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு ஓடுதளங்களுக்கு இடையே 750 அடிதான். மேகம் தாழ்ந்துவிட்டால் இரண்டிலும் ஒரே நேரத்தில் இறக்க முடியாது. உடனே தாமதம் சேர ஆரம்பித்துவிடும். லாஸ் ஏஞ்சலஸ் இந்த விஷயத்தில் நம்பகமானது. அங்கிருந்து வேகாஸுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். காலை முதல் இரவு வரை பல கம்பெனிகள் பறக்கின்றன. எல்லாம் கைவிட்டாலும் ஐ-15 சாலை இருக்கிறது. சுமார் 270 மைல், நான்கு மணி நேரம். ஆனால் ஞாயிறு மாலை வேகாஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் திரும்பும் பக்கம் அந்தச் சாலையில் ஏறாதீர்கள். வாரக்கடைசிக் கூட்டம் மொத்தமும் அதில்தான் இருக்கும்.

டிக்கெட் விஷயத்தில் அமெரிக்க விதிகள் உங்களுக்குச் சாதகமாக இரண்டு இடத்தில் இருக்கின்றன. பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்னதாக விமானக் கம்பெனியிடம் நேரடியாக எடுத்த டிக்கெட்டை, எடுத்த 24 மணி நேரத்துக்குள் கட்டணம் இல்லாமல் ரத்து செய்யலாம். அமெரிக்காவுக்கு வரும் பன்னாட்டு விமானத்துக்கும் இது பொருந்தும். அப்புறம், விமானம் ரத்தாகி, அல்லது பன்னாட்டுப் பயணத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல், உள்நாட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போய், மாற்று ஏற்பாட்டை நீங்கள் ஏற்காவிட்டால் பணத்தை அவர்களே திருப்பித் தர வேண்டும். வவுச்சரைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள்.

எப்போது போய்ச் சேர்வது? கண்காட்சி செவ்வாய் தொடங்கினால் சனிக்கிழமை இறங்குங்கள். ஞாயிறு உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழகும், திங்கள் ஸ்டாலை அடுக்கலாம். ஒரு ராத்திரி ரூம் செலவைச் சேமிக்க ஞாயிறு இரவு வந்து, திங்கள் ஸ்டால் அடுக்கி, செவ்வாய் மதியம் வாடிக்கையாளர் முன்னால் கண் செருக நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு செலவு செய்து வருவது அந்த அரை மணி நேரப் பேச்சுக்காகத்தான்.

விமான நிலையத்தின் பெயர் ஹாரி ரீட். 2021 டிசம்பர் வரை மெக்காரன் என்று இருந்தது. பழைய பயணக் குறிப்புகளில் அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். கேட்டுக்கு வெளியே வந்ததுமே ஸ்லாட் மெஷின்கள் வரிசையாக மின்னும். நேரே நடங்கள். சிஇஎஸ் பேட்ஜை விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ள வழக்கமாக ஒரு கவுண்டர் வைப்பார்கள். பெட்டி வரும் நேரத்தில் அந்த வேலையை முடித்துவிடுங்கள். மறுநாள் அரங்கில் நீளும் வரிசை உங்களுக்கு மிச்சம். ஸ்ட்ரிப்புக்கு டாக்சியில் மண்டலம் வாரியாக நிலையான கட்டணம் இருக்கிறது. முன்பெல்லாம் மீட்டரை ஏற்றுவதற்காக விமான நிலையச் சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். அந்தத் தொல்லைக்கு இந்த நிலையான கட்டணம் ஒரு முடிவு கட்டியது. ஏறும்போதே "நிலையான கட்டணம்தானே" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஊபர், லிஃப்ட் எல்லாம் வாசலுக்கு வராது. பார்க்கிங் கட்டடத்துக்குள் அவர்களுக்கென்று இடம் இருக்கிறது. மோனோரயில் விமான நிலையத்துக்கு வருவதில்லை. அது எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலிலிருந்து சகாரா ஹோட்டல் வரை, ஸ்ட்ரிப்பின் கிழக்குப் பக்க ஹோட்டல்களுக்குப் பின்னால் ஓடுவது. கன்வென்ஷன் சென்டர் வாசலில் நிற்கும் என்பதால், கண்காட்சி நாட்களில் டாக்சி வரிசையில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். கன்வென்ஷன் சென்டருக்குள்ளேயே ஒரு அரங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தரைக்கடியில் டெஸ்லா கார்கள் ஓடும் சுரங்கம் 2021இலிருந்து இருக்கிறது, அதற்குக் காசு இல்லை.

ஆகஸ்ட் மாதிரி மாதத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் அந்த ஊரில் வெயில் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் அடிக்கு மேல். சூடான காற்று இலேசானது; இறக்கைக்குக் கிடைக்கும் தூக்கும் விசையும், எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றும் குறையும். அதனால் விமானம் கிளம்ப அதிக ஓடுதளம் வேண்டும். சில நாட்களில் எடையைக் குறைக்கப் பெட்டிகளையோ பயணிகளையோ இறக்குவார்கள். பாலைவனத் தரை சூடேறி மேலே எழும் காற்றால் பிற்பகலில் விமானம் குலுங்கும். மேற்கே 11,000 அடிக்கு மேல் உயர்ந்த சார்ல்ஸ்டன் சிகரம் இருக்கிற மலைத்தொடரும் அதற்குக் கைகொடுக்கும். கோடையில் போனால் காலை விமானம் எடுங்கள். ஜனவரியில் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் காற்று மிகவும் வறண்டது, இரவில் நல்ல குளிர். உதட்டுக்குத் தடவ ஏதாவது கையில் இருக்கட்டும்.

ஸ்டால் பொருட்களை எப்படிக் கொண்டுபோவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சின்ன நிறுவனங்களின் கணக்கு உதைப்பது இங்கேதான். கண்காட்சிக்கு நீங்கள் கூரியரில் அனுப்பும் பெட்டி, அரங்கின் பின்வாசலில் இறங்கி உங்கள் ஸ்டாலுக்கு வந்து சேர்வதற்கு ஒரு கட்டணம் உண்டு. டிரேயேஜ் என்பார்கள். நூறு பவுண்டுக்கு இவ்வளவு என்று, குறைந்தபட்ச எடை ஒன்றை வைத்துப் போடுவார்கள். கடல் கடந்து வந்த கூரியர் செலவைவிட, கடைசி இருநூறு அடிக்கு ஆகும் செலவு அதிகமாக இருப்பதைப் பார்த்து அதிர்ந்துபோகிறவர்கள் உண்டு. அரங்குக்குள் சரக்கைக் கையாள்வது தொழிற்சங்கத் தொழிலாளர்களின் வேலை. ஃபோர்க்லிஃப்ட், மின் இணைப்பு, உயரத்தில் தொங்கவிடுவது எதையும் நீங்களாகச் செய்ய முடியாது. அவர்கள் வேலையை மதியுங்கள், நல்ல திறமைசாலிகள். ஆனால் ஓர் ஆள் கையால் தூக்கி வரக்கூடியதை நீங்களே தூக்கிக்கொண்டு வரலாம். எனவே உங்கள் ஸ்டால் மொத்தமும் இரண்டு செக்-இன் பெட்டி, இரண்டு கைப்பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி திட்டமிடுங்கள். துணியில் அச்சடித்த பின்திரை மடித்தால் ஒரு சட்டை அளவுதான். மேசையும் நாற்காலியும் அங்கேயே வாடகைக்கு, அதையும் முன்கூட்டியே சொன்னால் விலை குறையும். கடைசி நேர விலை கூசாமல் உயரும்.

பேட்டரி உள்ள மாதிரிகளுக்கு விமான விதியைப் பாருங்கள். தனி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் பெட்டியையே நிறுத்திவைப்பார்கள். 100 வாட்-மணி வரை பிரச்சினை இல்லை, 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதியோடு இரண்டு. மதிப்புள்ள மாதிரிகள் என்றால் ஏடிஏ கார்னே எடுத்துக்கொள்ளுங்கள். வணிக மாதிரிகளை வரி கட்டாமல் தற்காலிகமாக உள்ளே கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவர அதுதான் ஆவணம்.

இமிகிரேஷனில் என்ன வேலை என்று கேட்டால் சுருக்கமாக, உண்மையாகச் சொல்லுங்கள்: கண்காட்சியில் எங்கள் பொருளைக் காட்டுகிறோம், வாடிக்கையாளரைப் பார்க்கிறோம், ஆர்டர் பேசுகிறோம். பி1இல் இதெல்லாம் அனுமதிக்கப்பட்டதுதான். ஸ்டாலில் பொருளைக் காசுக்கு விற்பது அனுமதி இல்லை. கடைசி நாளில் "இந்த ஒரு பீஸைக் கொடுங்களேன்" என்று கேட்பார்கள், கொடுக்காதீர்கள். அழைப்புக் கடிதம், ஸ்டால் ஒப்பந்தம், திரும்பும் டிக்கெட் மூன்றையும் காகிதத்தில் வைத்திருங்கள். போனில் சார்ஜ் இல்லாத நேரம் பார்த்துத்தான் கேட்பார்கள்.

சூதாட்டத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. நான் ஆடமாட்டேன் என்று உறுதியாக இருப்பவரும், லிஃப்டிலிருந்து காலை உணவுக்குப் போக அந்தக் கூடத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். வழி நேராக இருக்காது, வெளிச்சம் இரவா பகலா தெரியாது, புகை இருக்கும். நெவாடாவில் பொது இடப் புகைத்தடைச் சட்டம் 2006இல் வந்தாலும் சூதாட்டக் கூடத்துக்கு விலக்கு உண்டு. ஆஸ்துமா இருந்தால் புகையில்லாத பார்க் எம்ஜிஎம்மையோ, சூதாட்டக் கூடமே இல்லாத விடாரா மாதிரி ஹோட்டலையோ பாருங்கள். நாள் முழுக்க நின்று களைத்து, நேரம் பிசகி நடு இரவில் தூக்கம் கலைந்து, பேசத் துணையில்லாமல் கீழே இறங்குகிற அந்த நேரம்தான் பலரை மேசைக்கு இழுக்கிறது. உங்கள் கூட வரும் சக ஊழியர் இளைஞர் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். இரவு உணவுக்குக் கூப்பிடுங்கள்.

ஆடித்தான் பார்ப்பேன் என்பவருக்குக் கணக்கு மட்டும் சொல்கிறேன். சுழலும் சக்கரத்தில் குண்டு எந்த எண்ணில் விழும் என்று பணம் வைப்பது ரூலட். அமெரிக்க ரூலட்டில் 38 கட்டம், அதில் இரண்டு பூஜ்யம். நீங்கள் வைக்கும் ஒவ்வொரு நூறு டாலருக்கும் சராசரியாக ஐந்தேகால் டாலர் அவர்களுக்கு. ஸ்ட்ரிப்பில் இப்போது மூன்று பூஜ்யம் உள்ள மேசைகளும் வந்துவிட்டன. அதில் ஏழரை டாலருக்கு மேல். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில், பிளாக்ஜாக் விழுந்தால் தரும் பரிசு விகிதம் 3:2 என்பதற்குப் பதில் 6:5 என்று எழுதியிருந்தால் உட்காராதீர்கள். ஸ்லாட்டில் பெரிய தொகை விழுந்தாலும், வெளிநாட்டவருக்குப் பொதுவாக 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். எந்த நிலையிலும் கம்பெனி கார்டை அந்தக் கூடத்தில் எடுக்காதீர்கள். கார்டு அறிக்கையில் சூதாட்டம் என்று தனி வகையாகப் பதிவாகும், ரொக்க முன்பணத்துக்கான வட்டியும் அன்றே ஓட ஆரம்பிக்கும்.

அப்புறம் கஞ்சா. நெவாடாவில் 2017இலிருந்து கடையில் சட்டப்படி விற்கிறார்கள், விளம்பரப் பலகையே வைத்திருப்பார்கள். ஆனால் மத்திய சட்டப்படி இன்றைக்கும் குற்றம். விசாவை முடிவு செய்வது மத்திய அரசு. வெளிநாட்டவர் தொட்டால் அடுத்த விசாவுக்கே உலை வைக்கும். மிட்டாய், பிஸ்கட் வடிவிலும் வரும். கண்காட்சி விருந்தில் யாராவது நீட்டினால் என்ன என்று கேட்டு வாங்குங்கள். ரூம் குளிர்பெட்டியிலும் கவனம்: பல ஹோட்டல்களில் சென்சார் உண்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தாலே பில்லில் ஏறிவிடும்.

திரும்புவது சனிக்கிழமை காலை. கடைசி நாள் வெள்ளி, ஸ்டாலை நேரத்துக்கு முன் பிரிக்க விடமாட்டார்கள்; சீக்கிரம் கழற்றினால் அடுத்த வருட இட ஒதுக்கீட்டில் பின்னுக்குப் போய்விடுவீர்கள். மூடியதும் ஓடிப்போய் இரவு விமானம் பிடிக்கலாம் என்ற கணக்கு, டாக்சி வரிசையிலேயே தோற்றுவிடும். வெள்ளி இரவு மாதிரிகளை எண்ணிப் பட்டியலோடு சரிபார்த்துப் பெட்டியில் வையுங்கள். சனிக்கிழமை விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாகப் போங்கள். கார்னே எடுத்திருந்தால், பெட்டியைக் கவுண்டரில் கொடுப்பதற்கு முன்பே கஸ்டம்ஸ் அதிகாரியிடம் பொருளைக் காட்டி வெளியேற்ற முத்திரை வாங்க வேண்டும். அந்த அலுவலகம் எந்த டெர்மினலில், சனிக்கிழமை எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்பதை வந்து இறங்கும் நாளில், உள்ளே வரும் முத்திரை வாங்கும்போதே அந்த அதிகாரியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாமல் வந்துவிட்டால், பொருள் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு சில மாதம் கழித்து வரி கேட்டுக் கடிதம் வரும்.